தொழியில் பிறக்கும் வளம்

புன்செய் நிலத்தில் ஒரே தானியத்தை எருவிடாமல் ஆண்டுதோறும் விதைத்துவந்தால் சில ஆண்டுகளிலேயே மகசூல் சரிந்துவிடுகிறது. நீர் நிறுத்திப் பயிரிடும் நன்செய் வயலோ தலைமுறை தலைமுறையாக நெல்லையே விளைவித்தும் அவ்வளவு எளிதில் ஓய்வதில்லை. காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை, தாளடி, சம்பா என்று ஒரே நிலம் மாறிமாறி நெல்லையே சுமந்துவருவது இதற்குக் கண்முன் நிற்கும் சான்றாகும். பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1963இல் தொடங்கிய நீண்டகாலச் சோதனை வயலில் 150க்கும் மேற்பட்ட போகங்கள் தொடர்ச்சியாக அறுவடையாகியுள்ளன. அங்கே தழைச்சத்து உரமே இடப்படாத பாத்திகளும் இருக்கின்றன; உரமிட்ட பாத்திகளைவிட அவற்றில் விளைச்சல் குறைவு என்றாலும், நெல் விளைவது நின்றுபோய்விடவில்லை.

நன்செய் வயலின் வளத்தில் பெரும்பங்கை நீரும் சேறும் அவற்றில் வாழும் நுண்ணுயிர்களும் தாமே உண்டாக்குகின்றன என்பதும், உழவரின் வேலை அந்த ஆக்கத்துக்கு வழிவிடுவதும் கைக்கு வந்த சத்தைக் காற்றில் பறக்கவிடாமல் காப்பதுமே என்பதும் இதிலிருந்து பெறப்படும். எத்தனை மூட்டை உரம் என்ற கணக்கு பெருகி, உழுது கலக்கிய சேறாகிய தொழிக்குள் என்ன நடக்கிறது என்ற அறிவு பின்தள்ளப்பட்டதே இன்றைய மண்வளச் சிக்கலில் பாதிக்குக் காரணம் என்று சொன்னால் அது மிகையாகாது.

வயலில் நீர் நின்றதும் மண்ணுக்கும் காற்றுக்கும் இடையிலான தொடர்பு ஏறத்தாழ அற்றுப்போகிறது. காற்றின் ஊடே பரவுவதைவிட நீரின் ஊடே ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவுவதால், மண்துளைகளில் எஞ்சியிருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளிலேயே தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் தீர்ந்தபின் அவை மூச்சுவிடுவதற்கு வேறு பொருள்களை நாடுகின்றன: முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு, பின்பு மண்ணுக்குச் செந்நிறமும் பழுப்பும் தரும் இரும்பு, அதன்பின் சல்பேட், எல்லாம் முடிந்த நிலையில் கரியமில வாயு என்று இந்த வரிசை அமைகிறது. இரும்பு தன் ஆக்சிஜனை இழந்து கரையும் வடிவுக்கு மாறும்போதுதான் பழுப்பு மண் சாம்பல் கலந்த நீல நிறம் கொள்கிறது. வரிசையின் கடைசியில் உண்டாகும் மீத்தேனே, தொழியில் கால் வைத்ததும் குமிழியாகப் பொங்கிவருவது. நட்டு மூன்று வாரமான வயலில் மண்வெட்டியால் ஒரு துண்டுச் சேற்றை வெட்டியெடுத்துப் பக்கவாட்டில் பார்த்தால், மேலே சில மில்லிமீட்டர் பருமனில் பழுப்பு ஏடும், அதன் கீழே விரற்கடை விரற்கடையாக இறங்கும் நீலச்சாம்பல் அடுக்கும் தெளிவாகப் பிரிந்து தெரியும். மேலேடு நீரில் கரைந்துள்ள சிறிதளவு ஆக்சிஜனைப் பெறும் பகுதி. கீழடுக்கு ஆக்சிஜன் அற்ற பகுதி. நன்செய் மண்ணின் வளத்தைப் பற்றிய பெரும்பாலான விளக்கங்களுக்கு இந்த இரண்டு அடுக்குகளே அடிப்படை.

இத்தகைய மண்ணில் மற்றத் தானியங்கள் பெரும்பாலானவற்றின் வேர் அழுகிவிடும். நெல்லோ இலையிலிருந்து வேர்நுனி வரை செல்லும் காற்றறைகளின் வழியே ஆக்சிஜனைக் கீழே இறக்கிக்கொள்கிறது. அதில் ஒரு பகுதி வேரைச் சுற்றிக் கசிந்து, கரைந்திருக்கும் இரும்பை மீண்டும் துருவாகப் படியச் செய்கிறது. செடியொன்றைப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்து, புதுவேர் வெண்மையாகவும் மற்ற வேர் செம்பழுப்பாகவும் இருந்தால் மண் நலமாக இருக்கிறது என்றும், வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசினால் ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்து வேர் மூச்சுத் திணறுகிறது என்றும் கொள்ளலாம். ஆய்வகமோ கருவியோ வேண்டாத சோதனை இது.

நீரில் மூழ்கிய மண்ணின் வேதியியலை முறைப்படுத்தி எழுதியவர்களுள் முதன்மையானவர், இலங்கையில் பிறந்து பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய மண்வேதியியல் அறிஞர் பொன்னம்பெரும ஆவார். 1972இல் அவர் வெளியிட்ட விரிவான ஆய்வுரை இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அமில மண்ணானாலும் கார மண்ணானாலும் சில வாரம் நீரில் மூழ்கியிருந்தால் அவற்றின் கார அமில நிலை நடுநிலையை, அதாவது 6.5 முதல் 7 வரையிலான அளவை, நோக்கி நகர்கிறது என்பது இத்துறையின் அடிப்படை உண்மைகளுள் ஒன்று. பெரும்பாலான சத்துக்கள் பயிருக்குக் கிடைக்கத் தோதான நிலை அதுவே. இரும்போடு பிணைந்து மண்ணில் பூட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தும், அதாவது பாஸ்பரசும், இரும்பு கரையும்போது விடுபடுகிறது. புன்செய் மண்ணில் சுண்ணாம்பு இட்டும் கூடுதல் உரம் இட்டும் பெறவேண்டிய பயனை நன்செய் வயல் தண்ணீரைக் கொண்டே பெற்றுவிடுகிறது.

தழைச்சத்து என்று உழவர்கள் சொல்லும் நைட்ரஜன் தனியே விரித்துரைக்க வேண்டிய பொருளாகும். மட்கு எனப்படும் கரிமப்பொருள் ஆக்சிஜன் அற்ற சேற்றில் மெதுவாகவே சிதைவதால், அது மண்ணில் தேங்கிச் சேமிப்பாகிறது. அந்தச் சேமிப்பிலிருந்து சிறுகச் சிறுக வெளிவரும் அம்மோனியம், நேர்மின்னூட்டம் கொண்டதாகையால் களிமண் துகள்களில் ஒட்டி நிலைக்கிறது. உரம் தாராளமாக இட்ட வயலில்கூட, நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தில் பாதிக்குக் குறையாத பங்கு அந்தப் போகத்தில் இட்ட உரத்திலிருந்து வருவதில்லை, மண்ணிலிருந்தே வருகிறது. வாற்கோதுமையை உரத்தால் விளைவிக்கலாம், நெல்லை மண்வளத்தால்தான் விளைவிக்க முடியும் என்று ஜப்பானிய உழவர்களிடையே வழங்கும் பழமொழிக்கு இதுவே பொருள்.

மண்ணின் சேமிப்பு தீர்ந்துபோகாமல் நிரப்பிவருபவற்றுள் முக்கியமானவை நீலப்பச்சைப் பாசிகள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் சேற்றில் சேர்க்கும் இவற்றின் பங்கை இந்திய அறிவியலாளர் பி. கே. தே 1939இல் எடுத்துக்காட்டினார். நீரிலும் சேற்றிலும் வேரோரத்திலும் வாழும் பாக்டீரியாக்களின் உழைப்பையும் சேர்த்தால், எவரும் எதுவும் இடாமலேயே ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 30 கிலோ தழைச்சத்து வயலுக்குள் வந்துசேர்வதாக மதிப்பிடப்படுகிறது. அசோலா என்னும் சிறு நீர்ப்பெரணி தன் இலைக்குழிகளில் இத்தகைய நுண்ணுயிரைக் குடியமர்த்திக்கொண்டு வளர்வது. நட்ட வயலில் அதைத் தூவிப் பரவவிட்டு, களையெடுக்கும்போது சேற்றில் மிதித்துவிடுவது நல்ல பழக்கம். ஆனால் அசோலாவுக்கு மணிச்சத்து போதிய அளவில் வேண்டும். கடும் வெயிலும் ஆகாது. ஆதலால் குறுவையின் தொடக்க வெயிலில் அது சோர்வதும், தாளடி, சம்பா காலத்து மேகமூட்டத்தில் செழிப்பதும் இயல்பே. அசோலாவை எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும் அருமருந்தாகப் பரப்புரை செய்வோர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுகின்றனர்.

தழைச்சத்தைத் தானே சேர்க்கும் இதே வயல், உழவர் காசு கொடுத்து வாங்கி இடும் தழைச்சத்தை வேறெந்த நிலத்தையும்விட வேகமாக இழக்கவும் செய்கிறது. காவிரிப் பாசனப் பகுதியில் நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகம் பொதுவாகப் பரிந்துரைப்பது ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ். ஏக்கர் கணக்கில் முறையே 60, 20, 20 கிலோ. அறுபது கிலோ தழைச்சத்தை யூரியாவாக மட்டுமே இடுவதானால் 45 கிலோ மூட்டை ஏறத்தாழ மூன்று வேண்டும். வழக்கமான முறையில் தூவினால் நெற்பயிர் எடுத்துக்கொள்வது நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு. அதாவது மூன்று மூட்டையில் ஒரு மூட்டையளவே பயிருக்குள் போகிறது. மீதியில் ஒரு பகுதி மண்ணின் மட்கோடு சேர்ந்து பின்னாளில் உதவும் என்றாலும், பெரும்பகுதி வாயுவாகிப் பறந்துவிடுகிறது.

பறக்கும் வழிகள் இரண்டு. முதலாவது, நிற்கும் நீரின் மேற்பரப்பில் நடப்பது. யூரியா தூவிய இரண்டு முதல் நான்கு நாளில் அம்மோனியமாக மாறுகிறது. நடவான புதிதில் பயிர் நிழல் இல்லாத வயலில் வெயில் ஏறஏற, நீரிலுள்ள பாசிகள் ஒளிச்சேர்க்கைக்காகக் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் நீரின் கார அமில நிலை உச்சிப்பொழுதில் 9க்கும் மேலே போய்விடுகிறது. காரநீரில் அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறிக் காற்றோடு போகிறது. இரண்டாவது வழி சேற்றின் இரு அடுக்குகளுக்கும் இடையே நடப்பது. மேலேட்டில் ஆக்சிஜன் இருப்பதால் அங்கே அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுகிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட நைட்ரேட்டைக் களிமண் பிடித்துவைப்பதில்லை. அது கீழே நீலச்சாம்பல் அடுக்குக்குள் இறங்கியதும், ஆக்சிஜனுக்கு ஏங்கிக் கிடக்கும் பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் ஜப்பானிய மண்ணியலாளர் ஷியோயிரி இதைத் தெளிவுபடுத்தி, அம்மோனிய உரத்தை மேலே தூவாமல் கீழடுக்கில் புதைக்க வேண்டும் என்ற தீர்வையும் முன்வைத்தார்.

இந்த விளக்கம் புரிந்துவிட்டால் மேலுரம் இடும் முறை தானே தெளிவாகும். முழங்கால் நனையத் தண்ணீர் நிற்கும் வயலில் பட்டப்பகலில் யூரியாவை வீசுவதைப் போல வீண்செலவு வேறில்லை. நீரை வடித்துத் தொழி தெரியும்படி செய்து, மாலை வேளையில் உரத்தைத் தூவி, கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவியோ கைக்களையோ கொண்டு சேற்றோடு கலந்து, அதன்பின் மெல்ல நீர் கட்டினால் உரம் கீழடுக்கில் சேர்ந்து நிலைக்கும். முழு அளவையும் ஒரேயடியாகக் கொட்டாமல் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று பகிர்ந்து இடுவதும் இதே காரணத்தால்தான். இந்தியாவில் 2015 முதல் உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே விற்கப்பட வேண்டும் என்று ஆக்கப்பட்டதற்கும் ஒரு காரணம் இதுவே. வேம்பின் கசப்புப்பொருள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேகத்தைத் தணிக்கிறது. வேப்பம்புண்ணாக்கை யூரியாவோடு கலந்து ஓரிரவு வைத்திருந்து இடும் வழக்கம் தமிழ்நாட்டு உழவர்களுக்கு அதற்கு முன்பே பழக்கமானது. வங்கதேசத்தில் யூரியாவைக் குண்டுகளாக உருட்டி நான்கு குத்துகளுக்கு நடுவே விரல் ஆழத்தில் புதைக்கும் முறை பரவியுள்ளது. ஆள்கூலி உயர்ந்துவிட்ட தமிழ்நாட்டில் அது வேரூன்றவில்லை.

எப்போது இடுவது என்பதற்கு இலை வண்ண அட்டை என்னும் சிறிய பிளாஸ்டிக் பட்டை உதவுகிறது. வெளிர்பச்சை தொடங்கிக் கரும்பச்சை வரையிலான, எண்ணிட்ட நிறக்கட்டங்கள் கொண்ட இந்த அட்டையோடு, நட்ட 14ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, காலையில், பயிரின் மேலிருந்து முழுமையாக விரிந்த மூன்றாம் இலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பத்துச் செடிகளில் ஆறிலோ அதற்கு மேலோ குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே நிறம் வெளுத்திருந்தால் மேலுரம் இட வேண்டும், இல்லையேல் வேண்டாம். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற இரகங்களுக்கு 4. பார்க்கும்போது சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று இலையின் மேல் நிழல் விழச் செய்வது முக்கியம். வெயில் பட்ட இலை எப்போதும் வெளுத்தே தெரியும். கரும்பச்சையாய்க் கொழுத்து நிற்கும் பயிரே நல்ல பயிர் என்ற நினைப்பு பலரிடம் ஊறிப்போயிருந்தாலும், அப்படிக் கொழுத்த பயிரைத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடிவருகின்றன, மழையில் முதலில் சாய்வதும் அதுவே.

மண்ணின் சேமிப்பைப் பெருக்கும் வழிகளில் பசுந்தாளுரத்துக்கு இணையானது நன்செய்க்கு வேறில்லை. தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாள் வாக்கில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது பரவலான வழக்கம். களிமண்ணுக்குத் தக்கைப்பூண்டு, மணற்பாங்கான நிலத்துக்குச் சணப்பு, சம்பா அறுவடைக்குப் பின் கோடை முழுதும் தரிசாய்க் கிடக்கும் வயலுக்குக் கொளிஞ்சி என்று நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பத் தேர்ந்துகொள்ளலாம். கொளிஞ்சி விதை தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால்தான் நன்றாக முளைக்கும், ஒருமுறை விதைத்துக் காய்முற்ற விட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளில் தானே முளைத்துக்கொள்ளும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து மணிலா அகத்தி என்று தமிழில் பெயர் பெற்ற செடியோ வேரில் மட்டுமன்றித் தண்டிலும் நைட்ரஜன் முடிச்சுகளைத் தாங்குவதால், நீர் நிற்கும் வயலிலும் தளராமல் தழைச்சத்தைச் சேர்க்கிறது.

கோடையில் பசுந்தாள் விதைப்பதற்கு, அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. வறண்டு வெடித்துக் கிடக்கும் மண்ணில் கோடைமழை பெய்ததும் நுண்ணுயிர்கள் திடீரென்று விழித்து மட்கைச் சிதைத்துத் தழைச்சத்தை வெளிவிடுகின்றன. 1950களில் கென்யாவில் பணியாற்றிய பர்ச் என்னும் அறிஞர் இதை விரிவாக ஆராய்ந்ததால் இவ்விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது. உழுத புழுதியைக் கால் பங்காகக் காயவிட்டால் எருவே வேண்டாம் என்ற திருக்குறளின் கருத்துக்கும் இதற்கும் பொருத்தம் உண்டு என்று கருத இடமிருக்கிறது. ஆனால் நன்செய்க்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. காற்றோட்டமுள்ள கோடை மண்ணில் வெளிப்படும் தழைச்சத்து நைட்ரேட்டாகவே தங்குகிறது. ஜூன் மாதம் மேட்டூர் அணை திறந்து வயலில் நீர் பாய்ந்ததும், மேலே சொன்ன அதே வழியில் அது வாயுவாகிப் போய்விடுகிறது. கோடைமழையில் முளைத்து வேரோடும் தக்கைப்பூண்டோ பயறோ அந்த நைட்ரேட்டை உறிஞ்சித் தன் உடலில் பூட்டிவைத்துக்கொள்கிறது. மடக்கி உழும்போது அது நெல்லுக்கே திரும்புகிறது. பசுந்தாள் காற்றிலிருந்து கொண்டுவரும் சத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகின்றனர். காற்றுக்குப் போகாமல் தடுக்கும் சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாளுர விதை வழங்குவதும் இடம்பெற்றுள்ளது. விதை மே மாதத்துக்குள் கைக்கு வந்தால் மட்டுமே அது பயன்படும் என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டும். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் கடலோர வயல்களை மீட்கவும் மழைநீரைத் தேக்கி உப்பை வடித்தல், ஜிப்சம் இடுதல் ஆகியவற்றோடு தக்கைப்பூண்டு மடக்கி உழுதலும் கைகொடுத்தது.

பழைய முறைகளில் ஆட்டுக்கிடை இன்றும் மதிப்பிழக்கவில்லை. கோடையில் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மந்தைகளை ஓட்டிக்கொண்டு தஞ்சைத் தரணிக்கு வரும் கீதாரிகள், அறுவடை முடிந்த வயல்களில் இரவுதோறும் இடம் மாற்றி மாற்றிக் கிடை போடுகின்றனர். புழுக்கை மட்டுமன்றி மூத்திரமும் நேரே மண்ணில் இறங்குவதே கிடையின் சிறப்பு. கிடை போட்டதும் மேலோட்டமாக ஓர் உழவு ஓட்டி மூடாவிட்டால் அந்த மூத்திரச் சத்தில் பெரும்பங்கு வெயிலில் ஆவியாகிவிடும் என்பதைக் கூலி கொடுத்தவர் மறந்துவிடலாகாது.

வைக்கோலைப் பற்றிய கணக்கு இதைவிடக் கசப்பானது. ஒரு டன் நெல் விளைய, பயிர் மண்ணிலிருந்து 15 முதல் 20 கிலோ வரை பொட்டாசியத்தை எடுக்கிறது. அதில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு மணிக்குப் போகாமல் வைக்கோலிலேயே தங்குகிறது. ஏக்கருக்கு இரண்டரை டன் விளைந்த வயலில் வைக்கோல் முழுவதையும் அள்ளிவிட்டால் அதோடு போவது 30 முதல் 40 கிலோ பொட்டாசியம். பரிந்துரைப்படி இடும் 20 கிலோ சாம்பல்சத்து உர அளவில் தூய பொட்டாசியமாக இருப்பது 17 கிலோதான். நெற்பயிரின் தண்டுக்கு உறுதியும் நோயெதிர்ப்பும் தரும் சிலிக்காவும் வைக்கோலோடு பெருமளவில் வெளியேறுகிறது. முன்பு வைக்கோல் மாட்டுக்குப் போய்க் குப்பையெருவாக வயலுக்கே திரும்பியது. இன்று அறுவடை இயந்திரம் போட்டுச்செல்லும் வைக்கோலைக் கட்டு கட்டும் இயந்திரம் சுருட்டி, லாரியில் ஏற்றி, வெளிமாவட்டங்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் அனுப்புகிறது. விற்ற காசில் ஒரு பங்கு பொட்டாஷாகத் திரும்பி வராவிட்டால், அந்த வியாபாரம் மண்ணை விற்பதே ஆகும். அறுவடை இயந்திரத்தை உயர்த்தி ஓட்டி அடித்தாளையாவது விட்டுவைப்பது ஓரளவு ஈடுசெய்யும்.

அதற்காக வைக்கோலை அப்படியே சேற்றில் மிதித்துவிட்டு மறுநாளே நடுவதும் தவறு. வைக்கோலில் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. ஆதலால் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தமக்கென எடுத்துக்கொண்டு பயிரைச் சில வாரம் பட்டினி போடுகின்றன. கரிம அமிலங்களும் சேர்ந்து நாற்றின் வேரைச் சுடுகின்றன. அறுவடை முடிந்த ஈரம் காயுமுன் மேலோட்டமாக உழுதுவிட்டால் கோடையிலேயே பாதி மட்கிவிடும், அடுத்த போகத்தின் மீத்தேனும் குறையும். எரிப்பதில் கரிமமும் நைட்ரஜனும் கந்தகமும் புகையாகப் போய்ச் சாம்பல் மட்டுமே மிஞ்சுகிறது.

நீர் நிறுத்துவதால் வளம் பெருகும் என்று மேலே சொல்லப்பட்டாலும், எல்லாச் சத்துக்கும் அது பொருந்தாது. துத்தநாகம் நீரில் மூழ்கிய மண்ணில் கரைதிறன் குறைந்து பயிருக்கு எட்டாமல் போகிறது. நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் இலையின் நடுநரம்பு அடிப்பகுதியில் வெளுத்து, இலைமேல் துருப்பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள் பரவி, பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாய் நிற்பது அதன் அடையாளம். வட இந்தியாவில் கைரா நோய் என்று பெயர் பெற்று, பூசணமோ வைரசோ காரணம் என்று ஐயுறப்பட்ட இதை, துத்தநாகப் பற்றாக்குறையே என்று பந்த்நகர் பல்கலைக்கழகத்தின் ஒய். எல். நேனே 1960களின் நடுவில் கண்டறிந்தார். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவினால் போதும். மணிச்சத்து உரமான டிஏபியோடு சேர்த்துக் கலந்தால் இரண்டும் பிணைந்து பயன் கெடும். ஆண்டு முழுவதும் ஈரம் காயாத பள்ளக்கால் வயல்களில்தான் இக்குறை மிகுதியாகத் தலைகாட்டுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இந்த இடத்தில்தான் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று தமிழ் உழவர் வழக்கில் நிலைத்துவிட்ட நீர் முறை முக்கியமாகிறது. முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகளிட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே நிற்கும் மண்ணை அள்ளிவிட்டால், நிலத்தடியில் நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எட்டிப்பார்க்க வழி கிடைக்கிறது. நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை விட்டுவைத்து, பின்பு தரைக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் நிற்கும்படி கட்டலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இதனால் நீர் மிச்சமாவதோடு வேர் ஆழமாக இறங்குகிறது, ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறுகிறது, துத்தநாகக் குறை தணிகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும் மீத்தேனின் வெளியேற்றமும் பாதியளவுவரை குறையக்கூடும். ஆயினும், மண் வெடிக்கும்வரை காயவிட்டு மீண்டும் மீண்டும் நீர் பாய்ச்சினால், நைட்ரேட் உண்டாவதும் வாயுவாவதும் மாறிமாறி நடந்து தழைச்சத்து வீணாகும். குழாயில் பார்த்துக் கட்டுவதற்கும் ‘முறைத்தண்ணீர் வரவில்லை’ என்று காய்ந்துபோவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. கடைமடையில் வடிகால் தூர்ந்து கிடக்கும்வரை, காயவிடும் உரிமை உழவர் கையில் இல்லை. மண்வளத்தைப் பற்றிய அரசுத் திட்டங்களில் வடிகால் தூர்வாரல் இடம்பெறாதது ஒரு பெருங்குறை.

ஆற்றுவண்டலைப் பற்றியும் ஒரு சொல். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின், வெள்ளத்தோடு வயலுக்கு வந்துகொண்டிருந்த வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. ஏரி குளங்களில் தேங்கிய வண்டலைக் கோடையில் வண்டியடித்து வயலில் பரப்புவது அதற்கு ஓரளவு மாற்றாகும். காவிரிப் பகுதியில் களித்தன்மை குறைந்த புதுஆற்றுப் பாசன நிலங்களுக்கு அது மேலும் பொருந்தும், ஏனெனில் களி கூடினால்தான் அம்மோனியமும் பொட்டாசியமும் ஒட்டி நிற்க இடம் கிடைக்கும்.

மேலே சொன்ன அளவுகள் எல்லாம் பொதுவானவை. ஒரு வயலுக்கு உரியவை அந்த வயலின் மண்ணைச் சோதித்தால்தான் தெரியும். 2015இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் தரப்படும் அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகளோடு கரிமம், கந்தகம், துத்தநாகம், இரும்பு முதலிய 12 கூறுகளின் அளவு காட்டப்படுகிறது. அறுவடை முடிந்து எருவோ உரமோ இடுவதற்கு முன், வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, இருபக்கச் சரிவிலும் ஒரே பருமனில் மண்ணைச் சுரண்டியெடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, கால்பகுப்பு முறையில் அரைக்கிலோவாகக் குறைத்து ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். குறுவைக்கு மண்ணைச் சேறாக்கிவிட்டபின் மாதிரி எடுப்பதில் பயனில்லை. உளுந்து பயறு எடுத்து முடிந்த ஏப்ரல், மே மாதங்களே அதற்கு ஏற்ற காலம்; இந்தக் கோடையில் பசுந்தாள் விதைக்க உழும் முன்பே ஒவ்வொரு நன்செய் உழவரும் அந்த அரைக்கிலோ மண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது நல்லது.